துப்பாக்கிக் கடைக்கு பேங்க் கடன் கேட்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் நானும் என் மைத்துனரும் 2019 முதல் ஒரு சின்ன துப்பாக்கிக் கடை நடத்துகிறோம். "தமிழ் ஆளுக்குத் துப்பாக்கிக் கடையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டிருந்தோம், பக்கத்துக் கடை காலியானது, எடுத்தோம். அவ்வளவுதான். துப்பாக்கி விற்க ஏடிஎஃப் என்ற மத்திய அரசு அமைப்பு தரும் உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறது. வாங்க வருகிற ஒவ்வொருவரும் 4473 என்ற அரசுப் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் பெட்டி கைமாறும்.

இங்கே செப்டம்பர் 1 புறா வேட்டை தொடங்கும் நாள். நவம்பர் முதல் சனிக்கிழமை மான். எங்கள் வருட வியாபாரத்தில் பாதி இந்த மூன்று மாதத்தில்தான். தோட்டாவும் ஷாட்கன்னும் கோடையிலேயே வாங்கி அடுக்க வேண்டும், அதற்குக் கையில் காசு வேண்டும். 2023 பிப்ரவரியில், பங்க் காலத்திலிருந்து பத்து வருடத்துக்கு மேல் கணக்கு வைத்திருந்த பேங்கில் 80,000 டாலர் கிரெடிட் லைன் கேட்டோம், அதாவது வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன். பங்க் இருக்கும் இடம் எங்கள் சொந்தம், அதையே ஈடாகத் தருவதாகச் சொன்னோம்.

அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். மூன்று வருட வரிக் கணக்கைப் புரட்டிக்கொண்டே வந்தவர், உரிமத்தின் நகல் வந்த பக்கத்தில் பேனாவை மூடி மேசையில் வைத்தார். எனக்கு அப்போது உறைக்கவில்லை. "மேலே அனுப்புகிறேன், பிரச்சினை இருக்காது" என்றார். இடத்தை மதிப்பீடு செய்ய 2,400 டாலர் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். அப்புறம் ஒவ்வொரு மாதமும் ஒரு காகிதம். சரக்குப் பட்டியல், காப்பீடு, மைத்துனரின் தனிப்பட்ட கணக்கு, மறுபடியும் சரக்குப் பட்டியல். ஜூலை இரண்டாம் வாரம் ஒரு போன். "நற்பெயர் அபாயம் என்று கமிட்டி நினைக்கிறது. நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்." எங்களுக்குக் கடன் கொடுத்தால் பேங்கின் பெயர் கெட்டுவிடும் என்று அர்த்தம். எழுத்தில் தாருங்கள் என்றேன். விண்ணப்பமே முழுமையாகவில்லை, அதனால் மறுப்புக் கடிதம் என்ற பேச்சே இல்லை என்றார்கள். 2,400 திரும்ப வரவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். துப்பாக்கித் தொழிலுக்குப் பணம் தர மாட்டேன் என்று ஒரு பேங்க் முடிவெடுத்தால் எனக்கு அதில் கோபம் இல்லை. ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் இறந்த பிறகு, 2018 மார்ச்சில் சிட்டி பேங்க் குழுமம் தன் வாடிக்கையாளர் கடைகளுக்கு நிபந்தனை போட்டது: 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்காதே, துப்பாக்கியைப் படபடவென்று சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் விற்காதே. அடுத்த மாதமே, ராணுவ பாணித் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்காகத் தயாரிக்கும் நிறுவனங்களுக்குக் கடன் இல்லை என்றது பேங்க் ஆஃப் அமெரிக்கா. சிட்டி 2025 ஜூனில் அந்த நிபந்தனையை விலக்கியும்கொண்டது. எல்லாம் ஊரறியச் சொன்னது. கார்டு பணம் வாங்கித் தரும் ஸ்கொயர், பேபால் நிறுவனங்களின் விதிகளிலும் துப்பாக்கி விற்பனைக்கு எங்களிடம் வராதே என்று எழுதியே இருக்கிறது. படித்தோம், அந்தப் பக்கமே போகவில்லை. முகத்தைப் பார்த்து முடியாது என்பவனோடு எனக்கென்ன சண்டை? ஐந்து மாதம் காகிதம் வாங்கிக்கொண்டே இருந்தவனைத்தான் சொல்கிறேன்.

ஜூலை பாதியில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றபோதுதான் பெரிய தப்பைச் செய்தோம். ஒரு காதுகுத்து விழாவில் பழக்கமான புரோக்கர், நம்ம ஊர்ப் பையன்தான். "அண்ணே, பேங்க்காரன் தரமாட்டான், உங்க தொழில் கோட் அப்படி. நான் மூணு நாள்ல வாங்கித் தர்றேன்." வந்தது மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ், அதாவது இனி வரப்போகும் விற்பனைப் பணத்தைக் காட்டி முன்கூட்டியே வாங்கும் பணம். 60,000 டாலருக்கு 84,000 திருப்பித் தர வேண்டும். கமிஷன் 3,000 பிடித்துக்கொண்டு 57,000 போட்டார்கள். வட்டி என்ற சொல்லே ஒப்பந்தத்தில் இல்லை, 'ஃபேக்டர் 1.4' என்றுதான் இருந்தது, அதாவது வாங்கியதைப் போல 1.4 மடங்கு திருப்பித் தர வேண்டும். நாற்பது சதவீதம்தானே, ஒரு சீசனில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அது வருடத்துக்கு அல்ல. வேலைநாள் ஒவ்வொன்றும் 700 டாலர் வீதம் 120 நாள், ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாரமே அசலும் குறையத் தொடங்கிவிடுவதால், உண்மையான வட்டி நாற்பதைப் போல எத்தனையோ மடங்கு. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை 310 டாலருக்கு வியாபாரம் ஆகியிருக்கும், காலையிலேயே 700 போயிருக்கும். அக்டோபரில் என் மனைவியின் நகை அடகுக்குப் போனது.

துப்பாக்கித் தொழிலைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று டெக்சாஸில் 2021ல் வந்த எஸ்பி 19 சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று கடைக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். அது அரசோடு ஒப்பந்தம் போடும் நிறுவனங்களுக்கானது, அதுவும் ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத ஒப்பந்தம். 2025 ஆகஸ்டில் வந்த அதிபர் ஆணை, 'நற்பெயர் அபாயம்' என்பதை பேங்க் மேற்பார்வை அமைப்புகள் தங்கள் வழிகாட்டுதல்களிலிருந்து எடுக்கச் சொல்கிறது. எடுக்கட்டும். "உங்கள் பணவரத்து போதாது" என்ற காரணத்தை யார் எடுப்பது?

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது கடன் கேட்பவர்களைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும் 'ரெகுலேஷன் பி' என்ற விதி. வருட வரவு பத்து லட்சம் டாலருக்குள் இருக்கும் கடை என்றால், முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். காரணத்தை எழுத்தில் கேட்க நமக்கு 60 நாள் உண்டு. 'சும்மா விசாரணைதான்' என்று வைத்திருந்தாலும், நம் விவரங்களைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அது மறுப்புதான். அதனால் எதைக் கொடுத்தாலும் மின்னஞ்சலில் கொடுங்கள், "என் விண்ணப்பம் இன்றோடு முழுமையா?" என்று அதிலேயே கேளுங்கள். மதிப்பீட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன் "இது துப்பாக்கிக் கடை, உங்கள் கொள்கையில் இடம் உண்டா?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் காசு கட்டாதீர்கள்.

இப்போது ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு பேங்க் மாதிரி) 40,000 கிடைத்திருக்கிறது. முதல் போனிலேயே துப்பாக்கிக் கடை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் "பரவாயில்லை, உரிமத்தை அனுப்புங்கள்" என்று அன்றைக்கே மின்னஞ்சல் போட்டார்.

புரோக்கர் தம்பி மட்டும் இன்னும் விடவில்லை. நேற்றுகூட வாட்ஸாப்பில், "அண்ணே, சீசன் வருது, 75,000 ரெடி."