டெய்ம்லர் ஃபெர்ரெட் வாங்கலாமான்னு கேட்டவருக்கு

என்கிட்ட ஒரு ஃபெர்ரெட் இருக்கு, பிரிட்டிஷ் ராணுவத்தோட பழைய நாலு சக்கரக் கவச வேவு வண்டி. போன வாரம்தான் அதோட ஃப்ளூயிட் ஃப்ளைவீல் சீல் மாத்தி இன்ஜினை திரும்ப உள்ள இறக்கினேன். கை கழுவிட்டு போனை எடுத்தா பர்மிங்காம்ல இருக்குற நண்பர் மெசேஜ் பண்ணிருக்கார், "நல்ல விலைக்கு ஒரு ஃபெர்ரெட் வருது, நீங்கதான் வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" போன்ல அவருக்கு பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மீதிய இங்க எழுதுறேன், வேற யாராவது இதே யோசனைல இருந்தா உதவட்டும்.

அடிப்படை விவரம் எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்து கவென்ட்ரில டெய்ம்லர் கம்பெனி 1952லேர்ந்து 1971 வரைக்கும் 4,400 சொச்சம் கட்டினது, பின்னாடி ரோல்ஸ் ராய்ஸ் பி60 ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 4.26 லிட்டர், 96 லிட்டர் டேங்க்குக்கு ராணுவக் கணக்குல 300 கிலோமீட்டர் சொச்சம் ஓடும், நாலு சக்கரமும் எப்பவும் இழுக்கும். இந்தியா, இலங்கை ராணுவத்துலகூட இருந்துச்சு. என்னோடது டரட் (மேல சுழலுற துப்பாக்கிக் கூண்டு) வச்ச மாடல், பச்சை பெயின்ட்ட சுரண்டினப்போ அடியில வெள்ளை பெயின்ட் வந்துச்சு, அதனால ஐநா அமைதிப்படைல, அனேகமா சைப்ரஸ்ல, ஓடினதா இருக்கும்னு நம்புறேன். இதுக்கு மேல ஸ்பெக் பேச மாட்டேன்.

நான் சொல்ல வந்தது ட்ரான்ஸ்மிஷன பத்தி. இந்த வண்டியோட உயிரும் அதுதான், என் உயிர எடுக்குறதும் அதுதான்.

முதல்ல நல்லத சொல்றேன். இதுல நம்ம கார்ல இருக்குற மாதிரி கிளட்ச் கிடையாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்குறது எண்ணெய் மட்டும்தான், அதுதான் ஃப்ளூயிட் ஃப்ளைவீல். ரெண்டு கிண்ணத்த முகத்துக்கு முகம் பாக்க வச்சா எப்படி இருக்கும், அப்படி ரெண்டு பாதி, உள்ள தடுப்புத் தகடுங்க, நடுவுல எண்ணெய். இன்ஜின் பக்கத்து பாதி சுத்துறப்போ எண்ணெய எதிர் பாதி மேல வீசி அடிக்கும், அந்த வேகத்துலதான் எதிர் பாதி சுத்துது. ஐட்லிங்ல அடிக்கிற பலம் பத்தாது, வண்டி நிக்கும். ஆக்சிலேட்டர லேசா அமுக்கினா நாலு டன்னுக்கு மேல இருக்குற இரும்பு ஒரு குலுக்கல் இல்லாம நகர ஆரம்பிக்கும். சமதள ரோட்டுல ரெண்டாவது கியர்லயே கிளம்பிடலாம். மலைச்சரிவுல ஈரமான புல்லு மேல கிளம்புறப்போகூட சக்கரம் வெடுக்குன்னு சுத்தாது, மெதுவா பிடிச்சுக்கிட்டு ஏறும். இந்தத் தத்துவத்த கண்டுபிடிச்சது ஜெர்மன் இன்ஜினியர் ஃபோட்டிங்கர், கப்பலுக்காக யோசிச்சது, டெய்ம்லர் 1930ல அத காருக்கு கொண்டுவந்து வில்சன் கியர்பாக்ஸோட ஜோடி சேத்தாங்க. முதல் உலகப்போர்ல டாங்க் உருவாக்கினதுல முக்கியமான ஆளான வால்டர் வில்சனேதான் அந்த கியர்பாக்ஸ யோசிச்சவர். லண்டன்ல ரொம்ப வருஷம் ஓடின பழைய ஆர்டி டபுள்டெக்கர் பஸ்லயும் இதே ஜோடிதான்.

அந்த கியர்பாக்ஸ் ப்ரீசெலக்டர். அடுத்து என்ன கியர் வேணும்னு லீவர்ல முன்கூட்டியே வச்சுக்கலாம், வச்சதும் ஒண்ணும் நடக்காது, இடது காலால பெடல முழுசா அமுக்கி விட்டப்புறம்தான் கியர் மாறும். வளைவுக்கு முன்னாடியே மூணாவதுல லீவர வச்சுட்டு, ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்க, சரியான இடத்துல கால் மட்டும் அமுக்குற சுகம் இருக்கே, அத நான் வேற எந்த வண்டிலயும் அனுபவிச்சதில்ல. ரிவர்ஸுக்கு தனி லீவர், அத போட்டா அஞ்சு கியரும் பின்னாடி போறதுக்கும் கிடைக்கும். எதிரிய பாத்துட்டு திரும்ப நேரம் இல்லாம அப்படியே பின்வாங்கணும்ல, அதுக்காக.

ஆனா அந்த பெடல மரியாதையா அமுக்கணும். கியர்பாக்ஸுக்குள்ள ஒரு பெரிய ஸ்ப்ரிங் இருக்கு, கியர பிடிச்சு நிறுத்துற பேண்டுகள, அதாவது பட்டைகள, இறுக்கிப் பிடிக்கிறது அதுதான். பாதி அமுக்கி விட்டா பெடல் வழக்கமான இடத்தையும் தாண்டி மேல எகிறி வந்து நிக்கும், வண்டி நியூட்ரல்ல போகும், அத கீழ இறக்க தொடை பலம் முழுக்க வேணும். முதல்முதலா ஓட்டுறவங்களுக்கு நான் இன்ஜின ஆஃப் பண்ணி வச்சு பெடல மட்டும் பழகிக்கோங்கன்னு சொல்லுவேன். ஓவர்ஹால் பண்ணினப்புறம் ஒவ்வொரு கியரையும் போட்டு பெடல திரும்பத் திரும்ப அமுக்கிட்டே இருக்கணும், உள்ள இருக்குற ஆட்டோ அட்ஜஸ்டர் பேண்ட கொஞ்சம் கொஞ்சமா தானா இறுக்கிக்கும். எழுபது வருஷத்துக்கு முந்தின வண்டில தேய்மானத்த தானே சரி பண்ணிக்கிற கியர்பாக்ஸ்! இத யோசிச்ச மனுஷன கையெடுத்து கும்பிடணும்.

இப்ப பண்ணின ரிப்பேர் ஃப்ளைவீல் சீல். எண்ணெய் கசிஞ்சா தூரத்துலேர்ந்தே தெரியும், ஆக்சிலேட்டர் கொடுத்தா இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. சீல் சின்னது, ஆனா அத தொட இன்ஜினையே வெளில எடுக்கணும். ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, சிக்னல்ல நிக்கிறப்போ கியர்ல வச்சுட்டே ஐட்லிங்ல விடாதீங்க, நியூட்ரலுக்கு போயிடுங்க. இல்லாட்டி அந்த எண்ணெய் சும்மா கடைஞ்சு சூடாகும், சூடு சீலத்தான் முதல்ல தின்னும். இது எல்லாத்தையும் நான் சந்தோஷமாவே பண்ணுவேன், எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல.

கோவம் வர்றது அதுக்கப்புறம் இருக்குற இரும்புல. சாதாரண நாலு சக்கர ட்ரைவ் வண்டில முன் ஆக்சில்ல ஒண்ணு, பின் ஆக்சில்ல ஒண்ணுன்னு டிஃப்ரென்ஷியல் இருக்கும், சக்கரங்க வேற வேற வேகத்துல சுத்த விடுறது அதுதான். இதுல நடுவுல ஒரே ஒரு டிஃப்ரென்ஷியல், அது இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மட்டும் பிரிக்குது. அங்கேர்ந்து பக்கத்துக்கு ரெண்டு ஷாஃப்ட், ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பெவல் பாக்ஸ், ஷாஃப்ட்டோட சுழற்சிய சக்கரத்துப் பக்கம் திருப்பி விடுற பல்சக்கரப் பெட்டி. அதாவது இடது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு பூட்டின மாதிரி. வளைவுல முன் சக்கரம் அதிக தூரம் போகணும், பின் சக்கரம் கம்மியா போகணும், ரெண்டுக்கும் அனுமதி இல்ல. சேறுலயோ புல்லுலயோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்த தீத்துக்கும். தார் ரோட்டுல வழுக்காது, ஷாஃப்ட்ல முறுக்கு ஏறும், ஏறிக்கிட்டே இருக்கும், ஸ்டீயரிங் கனக்கும், பெவல் பாக்ஸ் கை வைக்க முடியாத சூடு ஆகும். ரோட்டோரப் புல்லுல ஏத்தி இறக்கினா "டொக்"குன்னு ஒரு சத்தத்தோட முறுக்கு விடும், அந்த சத்தம் கேக்குறப்போ எல்லாம் எனக்கு வயித்த பிசையும்.

டயர் ஒரே அளவுல இல்லாட்டி இன்னும் மோசம். ஒரு டயர் கடைல 9.00-16 கேட்டேன், முன் இடதுக்கு மட்டும் வேற கம்பெனி டயர் போட்டு, சைஸ் ஒண்ணுதானேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பக்கத்துல அதே எண்தான் எழுதிருக்கு, ஆனா சுத்தளவு பின்னாடி இருக்குற தேஞ்ச டயர விட நல்லா அதிகம். நேர் ரோட்டுலயே முறுக்கு ஏறிச்சு, வளைவே தேவைப்படல. ரெண்டு பெவல் பாக்ஸ் பிரிக்க வேண்டியதாச்சு, அந்த செலவுல ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிருக்கலாம். வேணும்னு கேட்டு, ஏன்னு விளக்கி சொல்லி, அப்புறமும் இப்படி பண்ணினாங்கன்றதுதான் இன்னும் ஆறல.

நியாயமா சொல்லணும்னா டெய்ம்லர்காரங்க மேல தப்பு இல்ல. ஆக்சில் இல்லாததாலதான் வண்டி இவ்ளோ தாழ்வா இருக்கு, ஷாஃப்ட் எல்லாம் கவசத்துக்குள்ள பத்திரமா இருக்கு, நாலு சக்கரமும் தனித்தனியா மேல கீழ போகுது. காட்டுலயும் பாலைவனத்துலயும் ஓடட்டும்னு கட்டினது, ஞாயித்துக்கிழமை ரோட்டுல கண்காட்சிக்கு போறதுக்கு கட்டினது இல்ல. நிறைய பேர் முன் ஷாஃப்ட கழட்டிட்டு பின் ட்ரைவ்ல மட்டும் ரோட்டுல ஓட்டுறாங்க, பெவல் பாக்ஸ் பொழச்சுக்கும். நான் பண்ண மாட்டேன். நாலு சக்கரமும் இழுக்குறதுதான் ஃபெர்ரெட், அத கழட்டிட்டா அப்புறம் எதுக்கு இத்தன எண்ணெய் பூசிக்கிட்டு கிடந்தேன்.

அதனால நண்பருக்கு என் பதில், வாங்காதீங்க. இவ்ளோ புகழ்ந்துட்டு இப்படி சொல்றேனேன்னு கேப்பீங்க, இன்னைக்கு எனக்கு அப்படித்தான் தோணுது. சொந்தமா ஒரு வயலோ, வயல் வச்சிருக்குற நெருங்கின சொந்தமோ இருந்தா மட்டும் யோசிங்க. அப்படியும் போய் பாக்குறதா இருந்தா, இன்ஜின் சூடாகிற வரைக்கும் ஓட விட்டு ஃப்ளைவீல் ஹவுசிங்குக்கு அடியில சொட்டுதான்னு பாருங்க, ஒரு சுத்து தார் ரோட்டுல ஓட்டிட்டு வந்து நாலு பெவல் பாக்ஸையும் கையால தொட்டுப் பாருங்க, தையல் டேப் ஒண்ணு எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு பக்கமும் முன் டயர் பின் டயர் சுத்தளவ அளங்க. விக்கிறவர் எதுக்கு டேப்புன்னு கேட்டா அவருக்கு இந்த வண்டி தெரியாது, திரும்பி வந்துடுங்க.