மூன்று நாள் கடலோரத் தங்கலும் கையோடு வந்த விளையாட்டுச் செய்திகளும்

கடலைப் பார்த்த ஒரு சிறிய விடுதியில் மூன்று நாள்கள் தங்கிவிட்டு வந்தேன். சந்தா கட்டிப் படிக்கும் ஒரு விளையாட்டுச் செய்திச் செயலியும் அந்த மூன்று நாள்களும் என் கையிலேயே இருந்தது. தொடர்பில்லாத இந்த இரண்டையும் ஒரே மதிப்புரையில் எழுதக் காரணம், செயலியின் குறைகளை எனக்குத் தெளிவாக உணர்த்தியது அந்த விடுதிதான் என்பதே.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறை சிறியது, சுத்தமானது. இரவு முழுவதும் அலையோசை கேட்டது. உப்புக்காற்றில் சன்னல் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. சொன்ன அரை மணி நேரத்தில் எண்ணெய் விட்டுச் சரிசெய்தார்கள். கைபேசிக்கு சிக்னல் வராந்தாவின் ஒரு மூலையில்தான் கிடைத்தது. ஆகவே, தினமும் காலையில் அங்கே நின்று அன்றைய கட்டுரைகளைத் தரவிறக்கிக்கொண்டு, மணலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தேன். ஓராண்டாகச் சந்தா கட்டியும் பேருந்து நெரிசலில் தலைப்புகளை மட்டும் மேய்ந்துகொண்டிருந்த நான், அந்தச் செயலியை முழுமையாகப் படித்தது அப்போதுதான்.

விடுதியிலிருந்து கடலுக்கு இறங்கும் படியருகே ஒரு கரும்பலகை உண்டு. உயிர்காப்பாளர் விடியற்காலையில் வந்து, முந்தைய நாள் எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவார். முதல் நாள் ஓதம், அதாவது கடல்மட்டம், உயரும் நேரம் காலை 6.10 என்று இருந்தது; மறுநாள் 7.00. நிலவின் போக்கை ஒட்டி ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதன் கீழே, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் எந்த இடத்தில் இருக்கிறது, அதில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும், சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தாம் கண்ணால் பார்த்தது எது, தம் ஊகம் எது என்பதையும் பிரித்தே எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டுச் செயலியைத் திறந்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. முந்தைய இரவு நடந்த ஒரே கால்பந்துப் போட்டிக்கு ஏழு கட்டுரைகள் இருந்தன. அவற்றில் மூன்று, பயிற்சியாளர் செய்தியாளர் சந்திப்பில் பேசியதை வெவ்வேறு தலைப்பில் தந்தன. இரண்டு, இரசிகர்களின் சமூக ஊடகப் பதிவுகளைத் தொகுத்தன. ஒன்று, வீரர் ஒருவரின் கண்ணீரைப் பற்றியது. மீதமிருந்த ஒன்றே ஆட்டத்தைச் சொன்னது. அதுவும் கோல்கள் விழுந்த நிமிடங்களைத் தாண்டவில்லை. இரண்டாம் பாதியில் இடப்பக்கத் தற்காப்பு ஏன் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டது என்பதே அந்த ஆட்டத்தின் மையக் கேள்வி. அதை ஏழு கட்டுரைகளில் ஒன்றும் தொடவில்லை. தோற்ற அணியின் பயிற்சியாளர் செய்த ஆள்மாற்றம் 'விவேகமற்ற முடிவு' என்று கண்டிக்கப்பட்டிருந்தது. முந்தைய வாரம் அதே மாற்றத்தைச் செய்து அவர் வென்றபோது, அதே எழுத்தாளர் அதைத் 'துணிச்சல்' என்று பாராட்டியிருந்தார். முடிவு தெரிந்தபின் காரணத்தைத் தேடி ஒட்டுவதை ஆய்வு என்று ஏற்க என்னால் இயலவில்லை.

இது சோம்பலால் மட்டும் வரும் குறை அன்று. பேட்டியும் நுழைவுச் சீட்டும் அணி நிர்வாகத்தின் கையில் இருப்பதால், சங்கடமான கேள்வி கேட்கும் செய்தியாளருக்குக் கதவு அடைபடுகிறது. அதனால் கேள்விகள் மெல்ல மெல்ல மென்மையாகிவிடுகின்றன. இதன் விலை சிறியதல்ல. புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பெரும்பாலான ஊடகங்கள் அற்புதமாகவே கொண்டாடின. டேவிட் வால்ஷ் என்ற விளையாட்டுச் செய்தியாளர் போன்ற மிகச் சிலரே ஐயம் எழுப்பினார்கள். வால்ஷ் எழுதிய செய்தித்தாள் அவதூறு வழக்கைச் சந்தித்துப் பணமும் கொடுக்க நேர்ந்தது. ஊக்கமருந்துக் குற்றத்துக்காக ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டது 2012இல். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணித் தலைவர் ஹான்சி குரோனியே சூதாட்டத் தரகரோடு பேசியதை 2000 ஏப்ரலில் வெளிக்கொண்டு வந்தது தொலைபேசி உரையாடலைப் பதிவுசெய்த டெல்லி காவல்துறை. அவரோடு ஊர் ஊராகப் பயணம் செய்த செய்தியாளர் கூட்டம் அன்று. மாறாக, 2016இல் இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழின் செய்தியாளர்கள் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு பாலியல் புகார்களைக் கையாண்ட விதத்தைத் தோண்டி எழுதியதால்தான், லாரி நாசர் என்ற மருத்துவரால் பாதிக்கப்பட்ட பெண்கள் முன்வந்து பேச வழி பிறந்தது. விளையாட்டுச் செய்தியால் இது முடியும் என்று தெரிந்தும், கண்ணீர்ப் படங்களுக்குச் சந்தா கட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

செயலியில் நல்லவை இல்லாமல் இல்லை. நேரடி ஸ்கோர் விரைவாக வருகிறது. புள்ளிவிவரப் பக்கங்கள் ஒழுங்காக உள்ளன. வீரர் இடமாற்றச் செய்திகளோ நம்பத் தக்கவை அல்ல. 'நெருங்கிய வட்டாரங்கள்' சொன்னதாக, ஒரே வீரர் இரண்டு நாள்களில் மூன்று அணிகளுக்குப் போவதாக எழுதினார்கள். மூன்றாம் நாள் காலையில், அவற்றில் முதலில் வந்த கட்டுரையைத் தேடினேன். அது இருந்த இடத்தில் வேறொரு கட்டுரை இருந்தது, திருத்தக் குறிப்பு எதுவும் இல்லை.

அதே காலையில் கரும்பலகையின் உச்சியில், ஓத நேரத்துக்கும் மேலே, ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'நண்பகலுக்குப் பின் காற்று தணியும் என்று நேற்று எழுதியிருந்தேன். தணியவில்லை. இன்றும் மாலையில் கவனம் தேவை.' வெயிலில் நின்று அதை இரண்டு முறை படித்தேன்.

விடுதிக்கு மீண்டும் போவேன். வராந்தாவின் சிக்னல் மூலைக்கு அருகிலுள்ள அறையையே கேட்பேன். செயலியின் சந்தா இந்த மாத இறுதியில் முடிகிறது. திருத்தங்களை முகப்பிலேயே வெளியிடுங்கள் என்று ஆசிரியர் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் பதிலைப் பார்த்துவிட்டே புதுப்பிப்பதா என்று முடிவுசெய்வேன்.