கீசரில் கட்-அவுட்டை 'டைரக்ட்' கொடுத்துவிட்டுப் போகிறார்கள், கவனம்

கீசரில் எலிமென்ட் (தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி) மாற்ற வந்த டெக்னீஷியன் சீக்கிரமே வேலையை முடித்து, காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தண்ணீரும் நன்றாகச் சுட்டது. மெயினை அணைத்து மூடியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டிருக்கிறார். கேட்டால், "அடிக்கடி டிரிப் ஆச்சு சார், அதான் டைரக்ட் கொடுத்துட்டேன்" என்கிறார்.

இது கொலைக்குச் சமமான வேலை. தண்ணீர் வேண்டிய அளவு சுட்டதும் எலிமென்ட்டை அணைப்பது தெர்மோஸ்டாட். அதன் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் எலிமென்ட் அணையவே அணையாது. அப்போது மின்சாரத்தைத் துண்டிக்க இருப்பது கட்-அவுட் ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் மூடிய டேங்கில் அழுத்தத்தோடு தண்ணீர் 100 டிகிரியையும் தாண்டும். மிஞ்சுவது சேஃப்டி வால்வு மட்டும். அது உப்புப் படிந்து இறுகியிருந்தால் டேங்க் வெடிக்கும். கட்-அவுட் டிரிப் ஆகிறதென்றால் தெர்மோஸ்டாட் பழுதா, அதன் தண்டு குழாய்க்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா, டெர்மினல் லூஸாகிச் சூடாகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

இன்னும் இருந்தது. எலிமென்ட் உட்காரும் இடத்தில் நீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டில் பழையதையே திரும்பப் போட்டிருந்தார், உட்காரும் இடத்திலிருந்த உப்பைச் சுரண்டவும் இல்லை. அந்த வழியாகக் கசியும் நீர் நேராக டெர்மினல் மேல்தான் விழும். 3000 வாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 1 ஸ்கொயர் எம்எம் வயர்! 2.5 வேண்டும், டெர்மினலை ஒட்டி வெப்பம் தாங்கும் வயராக இருக்க வேண்டும். எர்த் வயர் ஸ்க்ரூவில் மாட்டாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

எலிமென்ட் போய்விட்டது என்று சொன்னால் மின்சாரத்தை அணைத்து, வயரைக் கழற்றி, கண்ணெதிரே மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 3000 வாட்டுக்குச் சுமார் 17.6 ஓம், 2000 வாட்டுக்கு 26.5 ஓம் காட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் கம்பி அறுபடவில்லை. ஆனால் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறதென்றால் எலிமென்ட்டின் உறைக்குள் மின்கசிவு இருக்கலாம், அதை மெக்கரில்தான் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) பார்க்க வேண்டும்.

புது எலிமென்ட் போட்டதும் சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும். காலி டேங்கில் போட்டால் எலிமென்ட் சற்று நேரத்தில் கருகிவிடும். அதற்கும் "வோல்டேஜ் சரியில்லை" என்று பழி போட்டு இன்னொன்றை விற்பார்கள்.

உங்கள் கீசரில் ஏற்கெனவே யாராவது டைரக்ட் கொடுத்திருந்தால் இப்போதே மெயின் போர்டில் கீசருக்கான எம்சிபி ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். புது கட்-அவுட்டும் தெர்மோஸ்டாட்டும் போடும்வரை அதைத் தொட வேண்டாம்.