குழந்தை இருக்கும்போது விவாகரத்து: சம்மத மனுவா, வழக்கா?

உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சென்னை குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே பலரும் கேட்கும் கேள்வி இது. சம்மத மனு என்றால் கணவன், மனைவி இருவரும் ஒத்துக்கொண்டு சேர்ந்து போடுவது; வழக்கு என்றால் ஒருவர் மற்றவர் மேல் போடுவது. இந்து திருமணச் சட்டம், 1955-ஐ வைத்துச் சொல்கிறேன்.

காலம்
சம்மதம்: ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் 6 மாதக் காத்திருப்பு. தகுந்த மனுவில் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று நீதிமன்றம் விலக்கு தரலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.
வழக்கு: கொடுமை, கைவிடல் போன்ற காரணத்தை நிரூபிக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும்.

செலவு
வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பணமும் ஒரு நாள் விடுப்பும் போகும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு.

குழந்தை
இதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். பள்ளிச் சீருடையோடு பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் பிள்ளைக்கு வாய்தா என்றால் என்ன தெரியும்?
சம்மதம்: யாரிடம் வளர்வது, ஞாயிறு யாரோடு, பொங்கல் எங்கே, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, எல்லாவற்றையும் நீங்களே எழுதலாம். "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று எதையும் விடாதீர்கள்.
வழக்கு: நீதிபதி முடிவு செய்வார். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவாக அம்மாவிடம். அப்புறம் குழந்தையின் நலனே அளவுகோல்.

உட்கார்ந்து பேச முடிகிற தம்பதிக்குச் சம்மத மனு. அடி உதை இருந்தாலோ, வருமானத்தை மறைத்தாலோ, பிள்ளையைக் கண்ணில் காட்ட மறுத்தாலோ, தயங்காமல் வழக்கு. இடைக்கால ஜீவனாம்சமும் பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் வழக்கு நடக்கும்போதே கேட்கலாம்.