ஏழு ரோட்டுச் சிலேடைக் கடை: அட்டை வாங்கலாம், கப் வேண்டாம்

கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம், சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிற கடைகளுக்கு நடுவில், தமிழ்ச் சொல்விளையாட்டை அச்சடித்து விற்கிற ஒரு சின்னக் கடை இருக்கிறது. அட்டை, காபி கப், பனியன், சுவரில் மாட்டுகிற படம் எல்லாம் கிடைக்கும், ஆனால் சரக்கு ஒரே தரமாக இல்லை.

முதலில் காளமேகப் புலவர் அட்டைகள். பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரே வெண்பா பாடினாரே, 'ஆடிக் குடத்தடையும்' என்று தொடங்குமே, அதற்கு ஒரு பக்கம் படமெடுக்கிற பாம்பு, இன்னொரு பக்கம் செக்கு, நடுவில் பாட்டு. பாம்பு ஆடி முடித்துக் குடத்துக்குள் அடைகிறது, எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குப் போகிறது. கூட வந்த அக்கா பையன் உரை எதுவும் இல்லாமல் படத்தை வைத்தே பாதியைப் பிடித்துவிட்டான். 60 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம்.

பின்பக்கம் வெளியூர்க்காரர்களுக்காக ஆங்கிலம் போட்ட இடத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். பாட்டில் வரும் பிண்ணாக்கு எள்ளுக்குப் புண்ணாக்கு, பாம்புக்குப் பிளந்த நாக்கு. ஆங்கிலத்தில் மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கு மட்டும் வந்திருக்கிறது, பாம்பு நாக்கில்லாமல் நிற்கிறது! சிலேடையை மொழிபெயர்த்தால் இரண்டு பொருளையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த மொழியிலேயே புதிதாக ஒன்று கட்ட வேண்டும், இரண்டும் முடியாதென்றால் பின்பக்கத்தை வெறுமனே விட்டிருக்கலாம்.

கப் 350 ரூபாய், வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் 'விகடகவி', மறுபக்கம் அதையே திருப்பிப் போட நினைத்து வேலையைக் கணினியிடம் விட்டிருக்கிறார்கள் போல. கணினிக்கு 'வி' ஒரே எழுத்து இல்லை, வகரம் தனி, இகரக் குறி தனி. அதனால் 'வகடகிவ' என்று வந்து, அதற்கு முன்னால் ஒரு குறி மட்டும் அநாதையாகத் தொங்குகிறது. திருப்பினாலும் மாறாத சொல் என்றுதானே அதற்குப் பெயரே, அதைப் போய் எதற்குத் திருப்புவானேன்? திருஞானசம்பந்தர் மாலைமாற்றில், அதாவது கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் மாறாத பாட்டுகளில், ஒரு பதிகமே பாடியிருக்கிறார், அதில் ஒரு பாட்டைக் கப்பைச் சுற்றிப் போட்டிருந்தால் நானே வாங்கியிருப்பேன். கடையில் இருந்த தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, டூரிஸ்ட்டு யாரும் அதைப் படிச்சுப் பாக்குறதில்ல" என்றார். நேர்மையான பதில்தான்.

பனியனில் இருப்பதெல்லாம் கடி ஜோக், சிலேடைக் கணக்கில் வராது.

கடையிலேயே உருப்படியான சரக்கு உள்சுவரில் இருக்கிறது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தின் கோட்டோவியம். இரண்டாம் இராஜராஜன் காலத்து, 12ஆம் நூற்றாண்டுக் கோயில் அது. காளை உடலைக் கையால் மறைத்தால் யானை, யானை உடலை மறைத்தால் காளை. சிலேடைதான், கல்லில் செய்தது, மொழிபெயர்ப்பும் தேவையில்லை. தமிழே தெரியாத ஒரு குடும்பம் ஆளுக்கொரு கை வைத்து மறைத்து மறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

படத்தைச் சட்டம் போடாமல் சுருட்டி வாங்குங்கள், மலை வளைவுகளில் கண்ணாடி பிழைக்காது. மழை பிடித்தால் நெட் போய்விடுகிறது, கையில் காசு இருக்கட்டும்.