பழைய ரீல், புது மெஷின்: குன்னூர் ஸ்டுடியோ ஒன்றின் மூன்று வேலைகள்

குன்னூரில் ஒரு வீடியோ ஸ்டுடியோ பழைய பிலிம் ரீல்களை வாங்கி டிஜிட்டலாக மாற்றித் தருகிறது. எஸ்டேட் கிளப், பள்ளிக்கூடம், சர்ச், வீடு என்று நீலகிரி முழுக்கப் பரணிலும் பீரோவிலும் கிடக்கும் ரீல்களுக்கு மலையிறங்காமலே ஒரு வழி கிடைத்திருப்பது நல்ல காரியம். விலைப் பட்டியலில் மூன்று வேலைகள் இருக்கின்றன: ஸ்கேன், கிளீனிங், ‘ஏஐ 4கே கலர்’ (செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைக் கூர்மையாக்கிப் பெரிதாக்கி நிறம் பூசுவது). மூன்றையும் சோதிக்க இரண்டு சுருள்களைக் கொடுத்தோம். ஒன்று, 1960களின் தொடக்கத்தில் வந்த கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் ஒன்றின் 16 மி.மீ. பிரதியிலிருந்து, மலைக்காட்சிகள் உள்ள 1200 அடி ரீல். ஓடும் நேரம் 33 நிமிடம். மற்றது, ஊட்டி மார்க்கெட்டில் எடுத்த கறுப்பு வெள்ளை ரெகுலர் 8 (பழைய 8 மி.மீ. வகை) சுருள், 50 அடி.

ஸ்கேன் வேலையைத் தயங்காமல் கொடுக்கலாம். கிளீனிங்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் செய்தால் கொடுக்கலாம். மூன்றாவதை எந்தப் படத்துக்கும் கொடுக்க வேண்டாம். ஸ்டுடியோவின் பெயரை விட்டுவிடுகிறோம். இதே மூன்று வேலைகள் வேறு ஊர்களிலும் இதே பேச்சோடுதான் விற்கப்படுகின்றன; எங்கே கொடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

ஸ்கேன் செய்யுமுன் ரீலை மோந்து பார்க்கிறார்கள். அதுவே நல்ல அடையாளம். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், வளையும். சுருங்கிய பிலிமைப் பழைய புரொஜெக்டரில் ஓட்டினால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். இங்கே இருக்கும் ஸ்கேனர் பல்சக்கரம் இல்லாதது, ரப்பர் உருளைகளில் பிலிம் நகர்கிறது. அதனால் கொஞ்சம் சுருங்கிய ரீலும் சேதமில்லாமல் ஓடிவிடுகிறது. மலையில் குளிர் இருப்பதால் பிலிம் கெடாது என்று நினைப்பவர்கள் பலர். குளிர் நல்லதுதான், ஆனால் ஜூன் முதல் டிசம்பர் வரை சுவரில் கசியும் ஈரம் அந்த நன்மையைத் தின்றுவிடுகிறது. வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்த ரீலை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சைப் பூஞ்சை தின்றிருந்தால் அது தண்ணீரில் கரையும். துடைத்தால் படமே துணியில் வந்துவிடும். முதலில் உலர்ந்த இடத்தில் பல நாள் வைத்துக் காயவிட்டு, பிறகுதான் பிலிமுக்கான கரைசலால் துடைக்க வேண்டும். ஸ்டுடியோவில் இதைச் சரியாகச் செய்கிறார்கள்.

16 மி.மீ. பிரதிக்கு 2கே (சுமார் 2000 புள்ளி அகலம்) போதும். அதற்கு மேல் போனால் கூடுதல் விவரம் வராது, கிரெய்ன் என்ற பிலிமின் நுண்துகள்தான் இன்னும் தெளிவாகத் தெரியும். கேட்க வேண்டியது வேறு: 10 பிட் ஆழம் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை படி என்பதன் அளவு), சட்டத்தின் (ஃபிரேமின்) நான்கு ஓரமும் தெரியும்படி சற்று அகலமாக எடுத்த படம், எந்தத் திருத்தமும் செய்யாத மூலக் கோப்பு. ஸ்டுடியோக்கள் பயன்படுத்தும் புரோரெஸ் 422 எச்கியூ என்ற கோப்பு வடிவில், எச்டி அளவில் ஒரு மணி நேரத்துக்கு 79 ஜிபி ஆகும். இடம் அதிகம் என்று சொல்லி எம்பி4 மட்டும் தந்தால் வாங்காதீர்கள். எம்பி4 பார்ப்பதற்கு, பாதுகாப்பதற்கு மூலக் கோப்பு வேண்டும்.

ஒலியில் ஒரு பிழை வந்தது, காரணம் தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம். 16 மி.மீ. பிரதியில் ஒலித்தடம் அதற்குரிய படத்தைவிட 26 சட்டம் முன்னால் அச்சாகியிருக்கும். ஸ்கேன் செய்தபின் அதை அவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும். மறந்தால் ஒலிக்கும் உதட்டுக்கும் ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விழும். சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள். ரீல் நடுவில் அறுந்து ஒட்டப்பட்டிருந்தால் அந்த இடத்தையும் கேட்டுப் பாருங்கள். படத்தில் வெட்டு ஒரு இடத்திலும் ஒலியில் 26 சட்டம் தள்ளியும் கேட்கும். அது பிழையில்லை, பிரதியின் இயல்பு. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஒலியைத் தேய்க்கச் சொல்ல வேண்டாம். 16 மி.மீ. ஒலித்தடத்தில் உயர்ந்த அதிர்வெண்கள் ஏற்கெனவே குறைவு. இருப்பதையும் தேய்த்தால் ‘ச’ எழுத்து மழுங்கும், வீணையின் கார்வை பாதியில் அறுந்து போகும்.

ரெகுலர் 8 சுருளை நொடிக்கு 16 சட்டத்தில் போட வேண்டும். 50 அடி 4 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டும். 24இல் போட்டால் 3 நிமிடத்துக்குள் முடிந்து, மார்க்கெட்டில் எல்லாரும் விறுவிறுவென ஓடுவதுபோல் தெரியும். கால அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி கிளீனிங். தூசியைத் தானாக நீக்கும் மென்பொருள் எல்லாம் ஒரே கணக்கில்தான் வேலை செய்கின்றன: ஒரு சட்டத்தில் இருந்து, முன் சட்டத்திலும் பின் சட்டத்திலும் இல்லாதது அழுக்கு. தூசிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். சட்டென்று பறக்கும் குருவிக்கும், அருவியில் தெறிக்கும் துளிக்கும், காற்றில் சுழலும் கற்பூர மரத்து இலைக்கும் கூடப் பொருந்தும்! கீறல் நீக்கி இன்னும் ஆபத்தானது. பிலிம் நீளவாக்கில் ஓடுவதால் கீறல்கள் செங்குத்துக் கோடுகளாக விழுகின்றன. மழையும் செங்குத்துக் கோடுதான். முதல் முறை வந்த கோப்பில், கதாநாயகி குடையோடு நிற்கிறாள், தரையில் நீர் தெறிக்கிறது, மழையை மட்டும் காணோம். வலுவைக் குறைத்து, மழைக் காட்சிகளில் தானியங்கியை நிறுத்திவிட்டு, கீறலைச் சட்டம் சட்டமாகக் கையால் எடுக்கச் சொன்னபின் மழை திரும்பியது. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும்; அதற்குக் கூடுதலாகக் கேட்கும் கூலி நியாயமானது. நீக்கியதை மட்டும் தனியாகக் காட்டும் கோப்பு ஒன்றைக் கேளுங்கள். கறுப்புத் திரையில் தூசியும் கீறலும் மட்டும் மினுங்க வேண்டும். அதில் ஒரு சிறகோ விரலோ தெரிந்தால் மென்பொருள் படத்தைத் தின்றிருக்கிறது என்று பொருள்.

இதுவரை சொன்னதெல்லாம் காலம் செய்த சேதத்தைச் சரிசெய்வது. தூசியை ஒளிப்பதிவாளர் எடுக்கவில்லை, கீறலை இயக்குநர் கேட்கவில்லை. 1964இல் வந்த கர்ணன் 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது, அதைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்த தலைமுறை தியேட்டருக்குப் போனது. புதிய தொழில்நுட்பம் பழைய படத்தைத் தொடவே கூடாது என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. தொடாமல் விட்டால் மலையின் ஈரம் தொட்டுவிடும்.

‘ஏஐ 4கே கலர்’ வேறு விஷயம். பட்டியலில் மிகவும் விலை கூடியதும், கடையில் பெருமையாகப் போட்டுக் காட்டுவதும் இதைத்தான். முதல் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். காட்டேரி ஊருக்குப் பக்கத்துத் தேயிலைச் சரிவையும், மூடுபனி ஏறும் சோலையையும் தினம் பார்க்கிறவர்கள் இரண்டாவது பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூடுபனிதான் இந்த மெஷினுக்குச் சரியான பரீட்சை. பனிக்கு ஓரம் கிடையாது. வெளுப்பிலிருந்து சாம்பலுக்குப் போகும் மிக மெல்லிய இறக்கம் மட்டும் உண்டு, அதையும் பிலிம் கிரெய்னால்தான் தாங்கிப் பிடிக்கிறது. மெஷின் கிரெய்னை இரைச்சல் என்று எடுத்துத் துடைக்கிறது. 8 பிட் கோப்பில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள். பனி அதில் சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். கிரெய்ன் இருக்கும்வரை அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாது. கிரெய்ன் போனதும் பனி பட்டை பட்டையாகப் பிரிந்து, மலைமேல் மடிப்பு மடிப்பாக நிற்கிறது. பனிக்குள் பாதி கரைந்த மரங்களுக்கு மெஷின் கூர்மையான ஓரம் வரைகிறது. இரண்டு கிலோமீட்டர் தூரத்து மரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் ஆகி, பள்ளத்தாக்கின் ஆழமே போய்விடுகிறது.

கிரெய்னை அழுக்கு என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். வெள்ளி உப்புப் படிகங்கள் ஒளிபட்டுக் கறுத்த துகள்கள்தான் கறுப்பு வெள்ளைப் படம். துகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுத்தமான படம் என்று ஒன்று கிடையாது. ஊட்டி இந்து நகரில் 1967 முதல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பிலிம் தயாரித்த மாவட்டம் இது. பிலிமில் ஒளியை உணரும் எமல்ஷன் பூச்சின் நுணுக்கம் தெரிந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். இந்த ஊர்க் கடையில் கிரெய்ன் எடுபடாமல் போவது மனதுக்கு வலிக்கிறது.

தேயிலை பறிக்கும் தூரக் காட்சி ஒன்று ரீலில் வருகிறது. மூலத்தில் ஒவ்வொரு முகமும் நாலைந்து துகள் அளவுதான், கண் இருக்கும் இடத்தில் ஒரு நிழல். மெஷின் அந்த நிழலுக்குக் கண் வரைந்திருக்கிறது, மூக்கு வரைந்திருக்கிறது. சட்டத்துக்குச் சட்டம் முகம் மாறுகிறது. அந்தப் பெண்கள் யார் என்று எந்தப் படத்தின் டைட்டிலிலும் வராது. அவர்கள் அன்று அந்தச் சரிவில் நின்றதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த மங்கலான நிழல்தான். அதன்மேல் யாருடையதும் அல்லாத ஒரு முகத்தை ஒட்டுவதை எந்தக் கூர்மைக்காகவும் ஏற்க முடியாது.

நொடிக்கு 24 சட்டத்தை 60 ஆக்கும் வசதியும் இதே கட்டணத்தில் அடங்கும். நடுவில் இல்லாத சட்டங்களை மெஷின் ஊகித்து நிரப்புகிறது. மலை ரயில் இன்ஜினின் சக்கரக் கம்பிகள் ஒன்றுபோல் இருப்பதால் எது எங்கே நகர்ந்தது என்று அதற்குப் பிடிபடுவதில்லை. சக்கரம் உருகி வழிவதுபோல் தெரிகிறது. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுவதும் தானாக நடந்துவிடும். பழைய சட்டத்தை இன்றைய டிவி வடிவுக்கு நிரப்பினால் உயரத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடும். மலைக்காட்சியில் அது சிகரமாகவோ, நடிகரின் காலாகவோ இருக்கும்.

நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழ முடியும். எது எது என்று படத்தில் தகவலே இல்லை. மெஷின் தான் கற்ற லட்சக்கணக்கான படங்களின் சராசரியைப் பூசுகிறது. மார்க்கெட் சுருளில் தோடர் பெண் ஒருவர் பூத்துக்குளி என்ற சால்வையைப் போர்த்தி நிற்கிறார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக வரும் பூவேலையை மெஷின் முதல் ஷாட்டில் நீலமாக்கியது, அடுத்ததில் பழுப்பாக்கியது. பக்கத்தில் நிற்கும் படுகர் பெண்களின் வெள்ளை முண்டுக்கு இளம் ரோஜா நிறம். சோலை ஓரத்துக் காட்டுப் பூவரசு மரத்தில் பூவும் இலையும் ஒரே பச்சை. இந்த மலைகளின் ஆடையும் மரமும் அந்தச் சராசரிக்குள் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. 2004இல் முகல்-ஏ-ஆஸமுக்கும் 2010இல் மாயாபஜாருக்கும் நிறம் பூசித் திரையிட்டதை மக்கள் விரும்பிப் பார்த்தார்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனாலும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் ஒளியையும் ஒப்பனையையும் துணியின் நிறத்தையும் சாம்பல் அளவுக்காகவே தேர்ந்தெடுத்தார். நிறம் பூசிய பிரதி வரட்டும். மூலம் பக்கத்திலேயே கிடைக்கும்படி இருக்க வேண்டும்.

இந்த வழியில் போனால் எங்கே நிற்கும் என்பதற்கு உதாரணம் வந்துவிட்டது. 2013இல் வந்த ராஞ்சனா என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அம்பிகாபதி 2025 ஆகஸ்டில் ஏஐ கொண்டு மாற்றிய முடிவோடு திரைக்கு வந்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1957 காப்புரிமைச் சட்டம் சினிமாவின் ஆசிரியர் என்று சொல்வது தயாரிப்பாளரை. எனவே இயக்குநரின் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கேத்தி ரயில் நிலையத்தில் முடியும் மூன்றாம் பிறையின் (1982) கடைசிக் காட்சியை நாளை யாராவது ‘சந்தோஷமாக’ மாற்ற நினைத்தால் தடுக்க என்ன இருக்கிறது என்று இந்த மலைவாசிகள் கேட்க வேண்டிய நேரம் இது.

ஸ்டுடியோவுக்குப் போகிறவர்களுக்கு: வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு கழிந்த படங்களின் திரைப்படக் காப்புரிமை முடிந்துவிட்டது, பாடல் வரிக்கும் இசைக்கும் தனி உரிமை இருக்கலாம். அதற்குப் பிந்தைய படம் என்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஸ்டுடியோ ரீலை எடுத்துக்கொள்ளக் கூடாது, இவர்களும் எடுத்துக்கொள்வதில்லை. ஆர்டர் சீட்டில் சட்ட வேகம் (நொடிக்கு எத்தனை சட்டம்), பிட் ஆழம், ‘கிரெய்ன் நீக்க வேண்டாம்’, ‘வெட்ட வேண்டாம்’ என நான்கையும் எழுதி வாங்குங்கள். ரீலைத் திரும்ப வாங்கும்போது காற்றுப் புகும் பிளாஸ்டிக் டப்பா கேளுங்கள். இறுக்கி மூடிய தகர டப்பாவில் வினிகர் ஆவி உள்ளேயே தங்கி மீதியையும் கெடுக்கும். ஹார்ட் டிஸ்க் நீங்களே கொண்டுபோவதானால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32 டிஸ்கில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, 33 நிமிட ரீலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் தருவார்கள்.