அல்நிக்கோ என்று சொல்லி செராமிக் பிக்கப்பைத் தலையில் கட்டினார்கள்: 58,000 ரூபாய் போனது

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க நினைப்பவர்கள், அதிலும் "எல்லாமே ஸ்டாக், ஒரு பாகத்தைக்கூட மாற்றவில்லை" என்ற வார்த்தையை நம்பிப் பணத்தை எடுத்து வைக்கப்போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில் 58,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கிட்டாரில், ஆலையில் பொருத்திய மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகளும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி அனுப்பும், காந்தமும் ஒற்றைக் கம்பிச்சுருளும் கொண்ட பாகங்கள்) கழற்றப்பட்டு, அவை இருந்த இடத்தில் மட்டமான செராமிக் காந்தப் பிக்கப்புகள் உட்கார்ந்திருந்தன. நுகர்வோர் புகார் கொடுக்கவிருக்கிறேன். அது முடியும்வரை கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று சட்டம் தெரிந்த நண்பர் சொல்லியிருப்பதால் பெயர் இங்கே இல்லை. வாங்கும் முன் பிக்கப்பின் ஒலியை எப்படிச் சோதிப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வாங்கியது மெக்சிகோவில் தயாரான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 2018இல் அறிமுகமான பிளேயர் வரிசை. அந்த வரிசையைத் தேடிப் போனதற்குக் காரணமே பிக்கப்தான். அதற்கு முன் அதே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்டாண்டர்ட் வரிசையில், எஃகு உருளைகளுக்கு அடியில் செராமிக் காந்தப் பட்டையை ஒட்டிய பிக்கப்புகள் இருந்தன. பிளேயர் வரிசையில்தான், 1954இல் முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தபோது இருந்ததைப் போல, ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நிற்கும் உருளையே அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை) காந்தமாக இருக்கும் அமைப்பைக் கொடுத்தார்கள். ஸ்டாக் பிக்கப் என்றாலே மட்டம், வாங்கியவுடன் கழற்றி எறிய வேண்டும் என்று சொல்லும் ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நண்பர் ஒருவரிடம் இதே மாடல் இருக்கிறது. அதன் நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கம் இருப்பது) மெதுவாக மீட்டினால் எழும் கணீரென்ற ஒலியும், அழுத்தி மீட்டும்போது அது கரகரப்பாக மாறும் விதமும் எனக்கு அப்படியே வேண்டியிருந்தன. ஸ்டாக் பிக்கப்புக்காகவே 58,000 ரூபாய் கொடுக்க வந்தவன் நான் என்பதை அந்தக் கடைக்காரரிடம் முதல் பேச்சிலேயே சொல்லியும் இருந்தேன்.

அவர் அவசரப்படுத்தவே இல்லை. தேநீர் வரவழைத்தார், ஆம்பை (ஒலிபெருக்கியை) என் பக்கம் திருப்பிவைத்தார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசித்துப் பாருங்கள் என்றார். பிறகு சுவிட்சை பிரிட்ஜ் பிக்கப்பில் (தந்திகள் முடியும் பக்கம் இருப்பது) வைத்து, தந்திகளைக் கையால் அமுக்கிக்கொண்டு, ஆம்பின் ஒலியைக் கூட்டி, "இந்த இரைச்சல் கேக்குதா சார்? இது இருந்தாத்தான் ஒரிஜினல் சிங்கிள் காயில். கைபடாத கிட்டார், சால்டர்கூடத் தொடலை" என்றார். தான் விற்கும் பொருளின் குறையைத் தானே எடுத்துக் காட்டுகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தோன்றியது அந்த நேரத்தில்தான். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை எந்த ஒற்றைச் சுருளும் வாங்கிக் கொடுக்கும், உள்ளே இருப்பது அல்நிக்கோவா செராமிக்கா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஐந்து நிலை சுவிட்சில் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் 2ஆம், 4ஆம் நிலைகளுக்கு நான் வந்தபோது, "இங்க கோரஸ் போட்டாத்தான் சார் அழகு" என்று அவராகவே ஆம்பில் கோரஸை (பல கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பதுபோல் காட்டும் எஃபெக்ட்) போட்டுவிட்டார். ஏன் போட்டார் என்று இப்போது புரிகிறது: அந்த நிலைகளின் இரைச்சல் எனக்குத் தெரியக்கூடாது. யுபிஐ வழியாக 58,000 ரூபாய் அனுப்பினேன். "பழைய கிட்டார் ஒன்று" என்று மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் பில் என்று கொடுத்தார்.

வீட்டில் எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் வாசித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நடுப் பிக்கப்பின் சுருளை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தின் துருவத்தையும் திருப்பி வைத்திருந்தால், 2ஆம், 4ஆம் நிலைகளில் அது பக்கத்துப் பிக்கப்புடன் சேரும்போது இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்திகளின் ஒலி மட்டும் நிற்கும். நண்பரின் கிட்டாரில் அப்படித்தான் நடக்கிறது. என்னுடையதில் ஐந்து நிலைகளிலும் ஒரே இரைச்சல். நெக் பிக்கப்பில் மேல்சுரங்கள் மழுங்கிக் கிடந்தன, தந்தியை எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் எவ்வளவு வேகமாகத் தொட்டாலும் ஒலியின் குணத்தில் பெரிய மாற்றம் இல்லை.

கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். தந்திகளைத் தளர்த்தி, பிக்கப்புகள் பொருத்தியிருக்கும் மேல் தகடான பிக்கார்டின் பதினோரு திருகுகளையும் கழற்றித் திருப்பிய உடனேயே அவர் சிரித்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பிக்கப்பின் அடிப்பக்கத்தில் ஆறு காந்த உருளைகளின் முனைகள் தெரிய வேண்டிய இடத்தில், குறுக்கே ஒரு கறுப்புச் செராமிக் பட்டை பசையால் ஒட்டப்பட்டிருந்தது. சுவிட்சில் புதுச் சால்டர் பளபளத்தது, சுற்றிலும் சால்டர் வைக்கும்போது பூசும் ஃப்ளக்ஸின் பிசுக்கு காய்ந்திருந்தது. மூன்றும் ஒரே வகைப் பிக்கப்புகள், நடுவில் இருப்பதற்கென்று தனியாக எதிர்த்திசைச் சுருளெல்லாம் கிடையாது. ஒலி பெரிதாகக் கேட்கட்டும் என்று தந்திகளை உரசும் அளவுக்கு அவற்றை உயர்த்தி வைத்திருந்தார்கள். அல்நிக்கோ உருளைகளை அப்படி உயர்த்தினால் அவற்றின் இழுப்பில் தடித்த தந்திகளின் சுருதி அலைபாயும்; கடையில் அலைபாயவில்லை என்பதே ஒரு தடயம் என்று அவர் சொன்னார்.

அதன் பிறகு தொடங்கிய மழுப்பல்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தொலைபேசியில் முதலில், புதுத் தந்தி போட்டால் சரியாகிவிடும் என்றார். அடுத்த முறை, என் வீட்டு எர்த்திங் சரியில்லை என்றார். படங்களோடு நேரில் போய் நின்றபோது, மல்டிமீட்டரை எடுத்து வைத்து 6.1 கிலோ ஓம் என்று காட்டி, "ஸ்டாக்கும் இதே ரேஞ்ச்தான், பாருங்க" என்று மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். மின்தடை என்பது கம்பியின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. காந்தம் என்ன, உருளை என்ன என்று அது எதையும் சொல்லாது. இண்டக்டன்ஸை (சுருளின் மின்தூண்டல் அளவு, உள்ளே இருக்கும் உருளையைப் பொறுத்து மாறுவது) அளந்து பாருங்கள் என்றேன். அந்த மீட்டர் தங்களிடம் இல்லை என்று கைவிரித்தார். படங்களை மறுக்க முடியாமல் போனதும் பேச்சு மாறியது. "மெக்சிகோ கிட்டார் எல்லாமே செராமிக்தான் தம்பி" என்றார். விற்கும்போது அல்நிக்கோ என்று வாய் கூசாமல் சொன்ன அதே மனிதர், பழைய ஸ்டாண்டர்ட் வரிசைக்கு மட்டும் பொருந்தும் உண்மையை எடுத்து இந்தக் கிட்டாரின்மேல் போர்த்தினார். அதுவும் எடுபடாதபோது, முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருப்பார் என்றார். யார் மாற்றியிருந்தால் எனக்கென்ன? கைபடாதது என்று சொல்லி 58,000 ரூபாய் வாங்கியவர் அவர்தானே.

கடைசியில் எடுத்த ஆயுதம்தான் எல்லாவற்றிலும் மோசம். "டோன்ங்கிறது அவங்கவங்க காதைப் பொறுத்தது தம்பி. ஸ்டாக் பிக்கப்னா சுமாராத்தான் இருக்கும்." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறார்களோ தெரியவில்லை. எது இனிமை என்பது காதைப் பொறுத்ததாக இருக்கலாம். ஒலி எங்கே மழுங்குகிறது என்பது அளந்து சொல்லக்கூடிய விஷயம். அல்நிக்கோ உருளைகள் கொண்ட ஸ்ட்ராட் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் பொதுவாக 2 முதல் 2.5 ஹென்றி வரை இருக்கும். எஃகு உருளை அதை உயர்த்திவிடும். என் கிட்டாரில் இருப்பவை 3.4 ஹென்றி காட்டின. கேபிளையும் சேர்த்து 500 பிகோஃபாராட் மின்தேக்கம் என்று வைத்துக்கொண்டால், 2.3 ஹென்றிப் பிக்கப்பின் ஒத்ததிர்வு உச்சம் (ஒலி மிகத் தூக்கலாக வரும் அதிர்வெண்) ஏறத்தாழ 4.7 கிலோ ஹெர்ட்ஸில் விழும், 3.4 ஹென்றிக்கு அது 3.9க்கு இறங்கிவிடும். போதாததற்கு எஃகில் சுழலும் மின்னோட்டங்கள் அந்த உச்சத்தையே அமுக்கிவிடும். நான் கேட்ட மழுக்கம் இதுதான், என் காதின் கற்பனை அல்ல. செராமிக் என்றாலே குப்பை என்றும் நான் சொல்லவில்லை. மெக்சிகோவின் பழைய ஸ்டாண்டர்ட் கிட்டார்கள் எத்தனையோ மேடைகளில் நன்றாகவே பாடியிருக்கின்றன. செராமிக் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: வேண்டுமானால் மெக்சிகோ கிட்டாரிலிருந்து கழற்றிய நல்ல அல்நிக்கோ செட் ஒன்று கடையில் இருக்கிறது, எனக்காக 12,000 ரூபாய்க்குத் தருவார். அது எந்தக் கிட்டாரிலிருந்து கழற்றியது என்று கேட்டேன். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

சோதிக்கும் முறைகளை விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 58,000 ரூபாய் போன எரிச்சலில் பொறுமையாக எழுத வரவில்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். எல்லா எஃபெக்ட்டையும் அணைக்கச் சொல்லிவிட்டு, 2ஆம், 4ஆம் நிலைகளில் இரைச்சல் அடங்குகிறதா என்று முதலில் கேளுங்கள். அடங்கினால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், மலிவான செட்டிலும் எதிர்த்திசைச் சுருள் உண்டு. பிக்கார்டைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓம் மீட்டரைக் காட்டி யாரும் வாயை அடைக்க விடாதீர்கள். "அல்நிக்கோ ஸ்டாக் பிக்கப்புகளுடன்" என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நான் அங்கேதான் போகிறேன். அந்த 12,000 ரூபாய் செட்டை யாராவது வாங்கப் பேசிக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் அதன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.